காப்புப் படி

தமிழகத்தின் தென்கிழக்குக் கரையில் அமைந்த தூத்துக்குடி, முத்துக்கும் கப்பலுக்கும் பெயர் பெற்ற நகரமாகும். முற்காலத்தில் அக்கடலில் முத்துக் குளித்தோர் இருவர் இருவராகவே தொழில் செய்தனர். ஒருவர் கல்லின் பளுவைத் துணைக்கொண்டு கடலின் அடிக்குச் செல்வார். மற்றொருவர் தோணியிலேயே இருந்து கயிற்றைப் பற்றிக்கொண்டிருப்பார். கீழே சென்றவர் கயிற்றை அசைத்த அளவில், மேலே இருப்பவர் விரைந்து இழுத்துக் கொள்வார். குளித்தவரின் துணிவு பெரிதேயாயினும், அவர் உயிரைக் காத்தது அக்கயிறே. கயிறு இற்றுப் போயிருப்பதைக் கடலின் அடியில் அறிவதால் பயன் யாது? அதனைத் தோணியிலேயே அறிந்து கொள்ளல் வேண்டும்.

இக்காலத்தில் கணினியைக் கையாளுவோர்க்கும் அத்தகைய கயிறு ஒன்று தேவைப்படுகிறது. அதுவே காப்புப் படி எனப்படும். கணினியிலுள்ள கடிதம், கணக்கு, நிழற்படம், பாடக் குறிப்பு முதலியவற்றை வேறோர் இடத்தில் படியெடுத்து வைப்பதே காப்புப் படியாகும்.

படியெடுத்தல் தமிழர்க்குப் புதியதன்று. பனையோலைச் சுவடிகள் கரையானுக்கும் காலத்துக்கும் இரையாகும் இயல்பின. ஆதலின், ஏடு பழுதுறுமுன் அதனைப் புதிய ஏட்டில் எழுதி வைத்தனர் முன்னோர். ஒரு நூலின் சுவடிகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கிய பின்னரே டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தார். படி இருந்தால் மட்டும் போதாது. அது பிழையற்ற படியாகவும் இருத்தல் வேண்டும்.

கணினியில் இப்பணியைச் செய்வதற்கென்றே மென்பொருள்கள் உள்ளன. அவை நாள்தோறும் குறித்த நேரத்தில், புதிதாக எழுதியவற்றையும் மாற்றியவற்றையும் தாமே படியெடுத்து, தனி வன்வட்டில் சேர்த்து வைக்கும். இம்மென்பொருள்களுக்கு அவற்றை ஆக்கியோர் அவ்வப்போது புதிய பதிப்பை வெளியிடுவர். பழைய குறைகளை நீக்குதலும், கணினியின் ஏனைய மாறுதல்களுக்கு ஏற்பத் திருத்துதலும் அதன் நோக்கமாகும். அவ்வாறு புதுப்பிக்கும்பொழுது சில வேளைகளில் தடை நேரும். ‘புதுப்பித்தல் நிறைவேறவில்லை’ என்ற செய்தியும், ஓர் எண்ணும் திரையில் தோன்றும்.

அந்நிலையில் பலர் இரண்டு தவறுகளுள் ஒன்றைச் செய்வர். சிலர் அச்செய்தியை மூடிவிட்டு மறந்து விடுவர். வேறு சிலர் பதற்றங்கொண்டு, மென்பொருளோடு பழைய படிகளையும் அழித்து விடுவர். இரண்டும் கேடு பயப்பன. பிழையின் காரணத்தை முறையாக ஆராய்வதே அறிவுடைமையாகும்.

முதற்கண், பிழைச்செய்தியையும் எண்ணையும் உள்ளவாறே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நோயின் குறி அறியாது மருந்து கொடுத்தல் இயலாதன்றோ? அடுத்து, இன்றியமையாத கோப்புகளைக் கையாலேயே வேறொரு வட்டில் படியெடுத்து வைக்க வேண்டும். மென்பொருள் செயலற்றிருக்கும் நாள்களில் அவற்றுக்குக் காவல் வேறில்லை.

பின்னர்க் கணினியை அணைத்து மீண்டும் இயக்குதல் நன்று. பழைய பதிப்பின் ஒரு பகுதி இயங்கிக்கொண்டே இருந்தால், புதிய பதிப்பு அதனிடத்தில் அமர இயலாது. அதன் பின்னும் பிழை நீங்காவிடின், வன்வட்டில் போதிய இடம் உள்ளதா என்று காண வேண்டும். இணையத்தின்வழி வரும் பொதியை வைக்கவும், அதனைப் பிரித்து அமைக்கவும் இடம் தேவையன்றோ?

கணினி காட்டும் நாளும் நேரமும் சரியாக உள்ளனவா என்பதும் நோக்கத் தக்கது. இணையத்தில் ஒரு தளம் உண்மையானதே என்பதைக் காட்டும் சான்றிதழுக்குக் கால எல்லை உண்டு. பழைய கணினியின் உள்ளே இருக்கும் சிறு மின்கலம் தீர்ந்துவிட்டால், அதன் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். அப்பொழுது செல்லத்தக்க சான்றிதழையும் கணினி செல்லாதென மறுத்து விடும். நாளைத் திருத்திய அளவிலேயே இத்தடை நீங்கும்.

இவையெல்லாம் செய்தும் பயனில்லையாயின், மென்பொருளை மட்டும் நீக்கி, அதனை ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே புதிய பதிப்பைப் பெற்று அமைக்க வேண்டும். பிறர் தரும் பொதிகளை நம்புதல் ஆகாது. நீக்கும்பொழுது, முன்னர்ச் சேர்த்து வைத்த படிகளைத் தொடாதிருத்தல் வேண்டும். பணி முடிந்தபின், படிகள் உரிய வட்டிற்கே செல்கின்றனவா என்று பார்த்து, ஒரு கோப்பை மீட்டெடுத்துத் திறந்து படிக்க வேண்டும். அவ்வாறு படித்து அறிந்த பின்னரே காப்பு உண்டென்று கருதலாம்.

இச்சோதனையின் அருமையை 2017ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் நிகழ்ந்த ஒரு செய்தி விளக்கும். மென்பொருள் ஆக்குவோர்க்கு இணையத்தில் இடம் அளிக்கும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில், ஊழியர் ஒருவர் ஒரு கணினியை மற்றொன்றாக எண்ணி, உயிர்ப்புள்ள தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட்டு அளவுள்ள தரவில் 4.5 கிகாபைட்டே எஞ்சியது. காப்புப் படியைத் தேடியபொழுது அங்கே ஒன்றும் இல்லை! தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பாக இருக்க, படியெடுக்கும் கருவியோ 9.2ஆம் பதிப்பாக இருந்தது. ஆதலின் அது ஒவ்வொரு முறையும் பிழையுற்று நின்றுவிட்டது. அப்பிழையை அறிவிக்க அனுப்பப்பெற்ற மின்னஞ்சல்களும் ஏற்கப்படாது போயின. வேறொரு பணிக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்து வைத்த படியே அந்நிறுவனத்துக்குக் கைகொடுத்தது. எனினும் அந்த ஆறு மணி நேரத்துத் தரவு திரும்பவில்லை. நடந்தவை அனைத்தையும் அந்நிறுவனம் மறைக்காது வெளியிட்டமையால், பிறரும் பாடம் கற்றனர்.

படி இருக்கும் இடமும் எண்ணத் தக்கது. 2023ஆம் ஆண்டு திசம்பர் 17, 18ஆம் நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வீடுகளினுள் வெள்ளம் புகுந்தது. கணினியும் காப்பு வட்டும் ஒரே மேசையில் இருந்தால், அத்தகைய வெள்ளத்தில் இரண்டும் ஒருங்கே அழியும். மறைந்த பெற்றோரின் நிழற்படம், பல்லாண்டு எழுதிய கணக்கு போன்றவை கடையில் மீண்டும் வாங்கத்தக்க பொருள்கள் அல்ல. ஆதலின், மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வேற்றூரில் இருத்தல் வேண்டும் என்பர் வல்லார்.

தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனாரின் பெயர் தாங்கி விளங்கும் துறைமுகத்தில், இரு பெரும் அலைதடுப்புச் சுவர்கள் கடலினுள் நெடுந்தொலைவு நீண்டுள்ளன. புயல் வந்தபின் கல் சுமந்து அவற்றை எழுப்ப இயலுமோ? கடல் அமைதியாக இருந்த நாளிலேயே அவை எழுப்பப்பெற்றன. கணினி நன்கு இயங்கும் நாளிலேயே காப்புப் படியைச் சோதித்து வைத்தல் ஒவ்வொருவர்க்கும் கடமையாகும்.