பேதிக்குக் கொடுப்பது எது?

கட்டுரைப் போட்டிகளில் வெள்ளிக் கோப்பை வாங்கியவனுக்கு, ஒரு பொட்டணத்துடன் கொடுக்க வேண்டிய பத்து வரி எழுத வராது என்று யாராவது சொன்னால் அவன் நம்புவானா? நானும் நம்பவில்லை. எங்கள் கல்லூரியில் 'தொழில் முறை எழுத்து' என்று ஒரு பாடம் வைத்தார்கள். அறிக்கை, அலுவலகக் கடிதம், செய்முறைக் குறிப்பு ஆகியவற்றை எழுதப் பழக்குவது அதன் நோக்கம். "தமிழ் தெரிந்தவனுக்கு இதெல்லாம் ஒரு பாடமா!" என்று எண்ணிக்கொண்டே முதல் நாள் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

மழைக் காலத்தில் கிராமங்களில் வயிற்றுப்போக்கு மிகுதி என்பது நேயர்கள் அறிந்ததே. எங்கள் மாணவர் முகாமில் வீடு தோறும் உப்பு சர்க்கரைப் பொட்டணம் வழங்குவதாக ஏற்பாடு. அதனுடன் ஒரு துண்டுக் காகிதமும் போக வேண்டும். அதை எழுதும் பொறுப்பைப் பேராசிரியர் என்னிடம் விட்டார்.

இரவெல்லாம் கண் விழித்து எழுதினேன். நீரின் பெருமையில் ஆரம்பித்தேன். 'அதிசாரம் என்னும் கொடிய பிணி' இரண்டாம் பத்தியில் வந்தது. செய்முறை மூன்றாம் பத்தியில்: 'பொட்டணத்திலுள்ள பொடியானது போதிய அளவு தூய நீரில் கரைக்கப்பட்டு, நோயுற்ற குழந்தைக்கு அடிக்கடி வழங்கப்படல் வேண்டும்.' எல்லோருக்கும் புரியட்டும் என்று தலைப்பை மட்டும் எளிய தமிழில் வைத்தேன்: 'பேதிக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல்.'

பேராசிரியர் படித்தார். சிவப்பு மையால் ஒரு கோடு கூடப் போடவில்லை. "வா, போகலாம்" என்று விடுதிச் சமையற்கட்டுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பாத்திரம் துலக்கும் அம்மாள் நாலாம் வகுப்பு வரையில் படித்தவர். பேரக் குழந்தைகளை வளர்த்தவர். அவர் கையில் ஒரு பொட்டணத்தையும் என் காகிதத்தையும் கொடுத்து, "இதில் எழுதியிருக்கிறபடி செய்யுங்கள், அம்மா" என்றார்.

அந்த அம்மாள் தலைப்பை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, பேதிக்குக் கொடுக்கிறதென்றால் விளக்கெண்ணெய் அல்லவா கொடுப்பார்கள்? பிள்ளைக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும்போது இன்னுமா பேதிக்குக் கொடுக்கச் சொல்லுகிறாய்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தமிழ் வீடுகளில் 'பேதிக்குக் கொடுப்பது' என்றால் வயிறு போவதற்காகக் கொடுப்பது என்றுதான் பொருள். தலைவலிக்குக் கொடுப்பது தலைவலியைப் போக்கும். பேதிக்குக் கொடுப்பதோ பேதியை உண்டாக்கும்! வேற்றுமை உருபை இலக்கணத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிப் படித்த எனக்கு இது தெரியவில்லை. விளக்கெண்ணெயைச் சங்கில் ஊற்றிப் புகட்டிய அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது.

அத்துடன் முடியவில்லை. அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்தார், பொட்டணத்தைக் கிழித்தார், பொடி முழுவதையும் அதில் கொட்டிக் கலக்கினார். "போதிய நீர் என்று எழுதியிருக்கிறதே?" என்று நான் பதறினேன். "டம்ளர் நிறையத்தானே எடுத்திருக்கிறேன், போதாதா?" என்று அவர் கேட்டார். அவர்மீது என்ன குற்றம்?

அந்தப் பொட்டணம் 1 லிட்டர் தண்ணீருக்கு உரியது. டம்ளர் நீரில் கரைத்தால் உப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிடும். ஏற்கெனவே நீர் வற்றிய குழந்தையின் இரத்தத்தில் உப்பு மிஞ்சினால் வலிப்புக் காணும், மூளை பாதிக்கப்படும், உயிருக்கே ஆபத்து நேரலாம். "இந்த டம்ளரைக் குடித்த குழந்தைக்கு நீ பதில் சொல்ல வேண்டும், தம்பி" என்று பேராசிரியர் மெதுவாகத்தான் சொன்னார். வெள்ளிக் கோப்பை என் நினைவில் ஒரு தரம் உருண்டு விழுந்தது.

அன்று மாலை அந்தப் பொடியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். சிறுகுடலின் சுவரில் குளுகோஸும் உப்பும் ஒன்றாகச் சேர்ந்தே உள்ளே புகும். அவற்றைப் பின்தொடர்ந்து தண்ணீரும் புகும். கடும் பேதியிலும் இந்த வாசல் அடைபடுவதில்லை. சிகிச்சையின் ரகசியம் இவ்வளவே. 2002-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த அளவின்படி, 1 லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுகோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். இப்படித் தராசில் நிறுத்துக் கட்டிய சரக்கை, 'போதிய' என்ற ஒரே சொல்லால் நான் பாழாக்கியிருந்தேன்.

1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சோபலட்சமாக நம் நாட்டுக்குள் வந்தபோது, எல்லையோரத்துப் பொங்காவ் ஊரில் வாந்திபேதி பரவியது. நரம்பு வழியே ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோயிற்று. ஊசி போடத் தெரிந்தவர்களும் போதவில்லை. டாக்டர் திலீப் மகலானபிஸ் துணிந்து உப்பையும் சர்க்கரையையும் சோடா உப்பையும் அளந்து கலந்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். முகாமில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த நிலைமை மாறி, அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் மரணம் நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். நம் பாடப் புத்தகங்களில் அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

என்னை இன்னும் அதிகமாகக் கவர்ந்தது பின்னால் நடந்த விஷயம். 1980 முதல் பத்தாண்டுக் காலம் பங்களா தேசத்தில் பிராக் என்னும் ஸ்தாபனத்தார், எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களுக்கு இந்த வைத்தியத்தைக் கற்பித்தார்கள். கிராமத்துக் குடிசையில் தராசு ஏது? மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் என்று கையையே அளவுகோலாக்கினார்கள். இவ்வாறு ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் நேரில் சொல்லிக் கொடுத்தார்கள். கற்பித்துவிட்டுப் போன பெண்ணுக்குக் கூலி உடனே கிடையாது. பிற்பாடு வேறொருவர் போய், அந்தத் தாய் என்ன நினைவு வைத்திருக்கிறாள், சரியாகக் கலக்குகிறாளா என்று சோதிப்பார். கூலி அதைப் பொறுத்தது. எழுத்தாளர்களுக்கும் சன்மானத்தை இப்படி அளப்பதென்று வந்தால் நம்மில் எத்தனை பேர் பட்டினி கிடப்போம்!

"தமிழில் இதெல்லாம் நுட்பமாகச் சொல்ல வராது, ஸார்" என்று வகுப்பில் ஒரு நண்பன் சமாதானம் சொன்னான். எனக்கு அது பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்கர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உடற்கூறு, இரண வைத்தியம், ரசாயனம் எல்லாவற்றையும் தமிழில் புத்தகங்களாக்கி, தமிழிலேயே மாணவர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். 1916-ல் சேலத்தில் ராஜாஜி முதலியவர்கள் சாஸ்திரச் சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் கண்டார்கள். பிறகு ரசாயனத்தைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு ராஜாஜி வைத்த பெயர் 'திண்ணை ரசாயனம்'. அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என் காகிதத்தில் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை; நான் மட்டும் நின்றுகொண்டு பிரசங்கம் செய்தேன். பிரஷர் குக்கருடன் வரும் தமிழ்க் குறிப்பைப் படித்துப் பார்த்து, கடைசியில் அடுத்த வீட்டு மாமியைக் கேட்டே சமைக்கும் குடும்பங்களுக்கு இந்தப் பிரசங்கத்தின் சுவை தெரியும்.

இரண்டாம் தடவை எழுதினேன். நீரின் பெருமை போயிற்று, அதிசாரம் போயிற்று. 'வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்து' என்று தலைப்பிடப் போய், அதுவும் பொய் என்று அடித்தேன். இந்தக் கரைசல் போக்கை நிறுத்தாது. இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்யும். 'நிறுத்தும்' என்று நம்பிய தாய், இரண்டு தரம் கொடுத்துப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்துவிடுவாள். ஆகையால் 'வயிறு போகும் குழந்தைக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர்' என்று எழுதினேன். அழகில்லை, ஆனால் தப்பில்லை. 'கரைக்கப்பட்டு', 'வழங்கப்படல்' எல்லாம் ஓடிப்போய்க் 'கரையுங்கள்', 'கொடுங்கள்' என்று ஆயின. அளவுக்கு, கடையில் விற்கும் 1 லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் குறித்தேன். 200 மில்லி லிட்டருக்கான சிறு பொட்டணங்களும் விற்பதால், 'பொட்டணத்தின் மேல் அளவைப் பாருங்கள்' என்ற வரியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

வெற்றி முழக்கத்துடன் சமையற்கட்டுக்குப் போனேன். 'பொட்டணத்தைப் பிரித்து, கொதிக்க வைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் கொட்டிக் கரையுங்கள்' என்பது முதல் கட்டளை. அந்த அம்மாள் 'பிரித்து' என்ற இடத்தில் பொட்டணத்தைப் பிரித்தார். மேலே படித்தார். பிரித்த பொட்டணத்தை ஈர மேடையில் வைத்துவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனார்!

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அதுவரையில் எச்சங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டே போகலாம். காவியத்தில் அது அழகு. ஆனால் வேலை செய்கிறவர் வாக்கியம் முடியும் வரையில் காத்திருக்க மாட்டார். கண் ஓர் எச்சத்தைத் தாண்டியதும் கை அதைச் செய்து முடித்துவிடும். ஆகையால் எது முதலில் நடக்க வேண்டுமோ அதுவே முதலில் வர வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தப் பாடத்தின் சம்பளத்தை இன்னொரு தரம் கட்டலாம்.

மூன்றாம் காகிதம் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைப்பதில் ஆரம்பித்தது. பிறகு கை கழுவுதல், பிறகு புட்டியால் அளந்து ஊற்றுதல், அதற்கப்புறமே பொட்டணம். ஒவ்வொரு தடவை போன பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி லிட்டர், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200. கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுப்பது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் மெதுவாகக் கொடுப்பது. தாய்ப் பாலை நிறுத்தாமலிருப்பது. குழந்தை சோர்ந்து குடிக்க மறுத்தாலோ மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. எல்லாம் சேர்ந்து பதினொரு வரி.

அந்த அம்மாள் படித்துப் படித்துச் செய்தார். ஒரு பிசகும் இல்லை. பேராசிரியர் முகத்தில் முதன்முதலாகப் புன்னகை தெரிந்தது. நானும் காகிதத்தை மடித்து அச்சகத்துக்குக் கொண்டுபோக எழுந்துவிட்டேன்.

"தம்பி, பிள்ளை கொஞ்சந்தான் குடித்தது என்றால் மிச்சத் தண்ணீரை நாளைக்கும் அதற்கடுத்த நாளைக்கும் வைத்துக் கொடுக்கலாமா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

கூடாது. கலந்த 24 மணி நேரத்துக்குப் பிறகு அதைக் கொட்டிவிட வேண்டும். காகிதத்தை மறுபடியும் பிரித்து, பேராசிரியரின் பேனாவைக் கேட்டு வாங்கினேன்.