உண்டபின் எஞ்சுவது

வீட்டைவிட்டு வெளியே சென்றோர் பசியாறும் இடம் உணவு விடுதி. அதனைத் தெரிந்தெடுக்கும்போது மக்கள் சுவை, தூய்மை, விலை ஆகிய மூன்றையும் நோக்குவர். நோக்கத்தக்கது நான்காவதாக ஒன்றும் உண்டு. உண்டு எழுந்தபின் அங்கே எஞ்சும் பொருள் எங்குச் செல்கிறது என்பதே அது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. சுரங்கத்திலும் மின்நிலையங்களிலும் இரவு பகலாகப் பணி நடைபெறுவதால், அருகிலுள்ள மந்தாரக்குப்பம் போன்ற ஊர்களில் வெளியில் உண்ணும் தேவை இயல்பாகவே மிகுதி. அத்தகைய ஊரின் கடைத்தெருவில் இரண்டு விடுதிகள் அருகருகே இருப்பதாகக் கொள்க.

ஒன்றில் தட்டின்மீது நெகிழித் தாள் விரித்து இட்டலி வைக்கின்றனர். சூடான சாம்பாரை நெகிழிப் பையில் ஊற்றிக் கட்டித் தருகின்றனர். மற்றொன்றில் வாழையிலையில் சோறு படைக்கின்றனர். எவர்சில்வர் குவளையில் நீர் வைக்கின்றனர். மாலையில் இரண்டு கடைகளின் குப்பையையும் நோக்கினால் வேறுபாடு விளங்கும். இலை ஆடுமாடுகளுக்கு உணவாகும். அல்லது மட்கி எருவாகும். பையோ மட்குவதில்லை. மழைக்காலத்தில் சாக்கடையை அடைக்கும். உணவின் மணத்தால் ஈர்க்கப்பட்டு அதனை விழுங்கும் பசுவின் வயிற்றில் தங்கி அதன் உயிருக்கே ஊறு செய்யும். இக்கேடுகளைத் தடுக்கவே, ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாட்டரசு 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. உணவு பொதியும் தாளும், நெகிழி பூசிய தேநீர்க் குவளையும் அவற்றுள் அடங்கும்.

மந்தாரக்குப்பத்தின் பெயர்க்காரணம் எதுவாயினும், அப்பெயரிலுள்ள மந்தாரம் என்னும் சொல் ஒரு நல்ல வழக்கத்தை நினைவூட்டுகின்றது. மந்தார இலைகளை ஈர்க்கினால் தைத்து, அவற்றில் உண்பதும் உணவு பொதிவதும் தமிழ்நாட்டில் நெடுங்கால வழக்கம். முன்னோர் கையாண்ட அம்முறை இன்றைக்கும் ஏற்றதே.

உண்கலம் ஒன்றை மட்டும் கண்டு முடிவு செய்தலும் தகாது. பலகாரம் பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல், உயிரி டீசல் செய்வோர்க்குக் கொடுக்கும் விடுதி நல்ல விடுதி. அண்மையில் விளைந்த காய்கனிகளையும், நெல்லைவிடக் குறைந்த நீரில் விளையும் கம்பு, கேழ்வரகு ஆகியவற்றையும் சமைக்கும் விடுதியும் அத்தகையதே. கேட்ட அளவே பரிமாறுதல் அதனினும் சிறந்த பண்பு. 2022-ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன் என்றும், அதில் 29 கோடி டன் உணவு விடுதி போன்ற இடங்களில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டுள்ளது. உழவரின் உழைப்பும், பாய்ச்சிய நீரும், எரித்த விறகும் அவ்வுணவோடு வீணாயின அன்றோ?

இலைக்கு விலை மிகுதி; நெகிழித் தாள் மலிவு. ஆதலின் சிறு கடைக்காரர் மட்டுமே குற்றவாளி என்று கூறுதல் நடுநிலையாகாது. கையை வீசிக்கொண்டு வந்து, "கட்டித் தாருங்கள்" என்று கேட்பவர்க்கும் அக்குற்றத்தில் பங்குண்டு. தூக்குவாளியோடு வருபவர் கடைக்காரருக்குப் பையின் செலவையும், ஊருக்குக் குப்பையின் சுமையையும் ஒருங்கே குறைக்கின்றார். பத்துப்பேர் அவ்வாறு வந்தால் பதினொன்றாம் பையை வாங்கக் கடைக்காரரே தயங்குவார். வாங்குவோர் விரும்புவதையே விற்போர் வைப்பர்.

ஒருவர் உண்ணும் நேரம் கால்மணி. அவர் எறிந்த பை மண்ணில் கிடக்கும் காலமோ அவருடைய வாழ்நாளினும் நெடியது. இதனை உணர்ந்த மாணவர், நல்ல விடுதியைத் தேர்ந்து, வேண்டிய அளவே பெற்று, இலையில் மிச்சமின்றி உண்பாராக. அவ்வாறு உண்பவர் தம் பசியைத் தீர்ப்பதோடு, தம் ஊரையும் காப்பவராவர்.