இரண்டு கடல்களுக்கு நடுவே ஒரு நகரம்

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் இருக்கிறது ஹகோதாதே என்ற துறைமுக நகரம். அங்கே போனால், பொழுது சாய்வதற்கு அரை மணி நேரம் முன்பே, ஊரை ஒட்டிய மலைக்குப் போகும் ரோப் காரில் ஏறிவிடுங்கள். 334 மீட்டர் மலைதான், உச்சிக்குப் போக மூன்றே நிமிடம். ஒரு பெட்டியில் 125 பேர் வரை ஏறலாம். ஒரு பெட்டி ஏறும்போது மற்றது இறங்கும். இறங்குவதன் எடை ஏறுவதற்குக் கைகொடுக்கும். 1958 முதல் ஓடுகிறது இந்த ரோப் கார்.

உயரம் கூடக் கூட, நகரம் இடுப்பு சிறுத்துத் தெரியும். இந்த மலை ஒரு காலத்தில் தனித் தீவு. அலையும் நீரோட்டமும் சேர்த்த மணல் மேடாகி அதைப் பெருநிலத்தோடு இணைத்தது. ஊர் வளர்ந்தது அந்த மணல்மேட்டின் மீதுதான். இடப்பக்கம் துறைமுகம், வலப்பக்கம் சுகாரு நீரிணை. இருட்டியதும் இரு பக்கமும் கடல் கறுத்துவிட, நடுவில் நகரம் மட்டும் ஒளிரும். இந்த அழகில் பாதி, விளக்கே இல்லாத அந்தக் கடலால் வந்தது.

விளக்குகளுக்கு இடையே சில அகலச் சாலைகள் நேர்கோடாக ஓடும். அவற்றைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 1934 மார்ச் 21 இரவு, சூறைக்காற்றில் பரவிய தீ ஊரில் ஒரு பெரிய பகுதியை எரித்தது. இறந்தவர்கள் 2,000 பேருக்கும் மேல். இன்னொரு தீ தெருவைத் தாண்டக்கூடாது என்பதற்காகவே, மரங்கள் நட்ட அகன்ற சாலைகளை அதன்பிறகு போட்டார்கள். மேலிருந்து ரசிக்கும் அந்த ஒழுங்குக்குப் பின்னால் அத்தனை சாவு இருக்கிறது. வழிகாட்டிப் பலகைகள் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

கோடையில் நீரிணைப் பக்கம் கணவாய் மீன் பிடிக்கும் படகுகளின் விளக்குகளும் சேர்ந்துகொள்ளும். ஆனால் சமீப ஆண்டுகளில் கணவாய் வரத்து குறைந்துவிட்டதால், அந்த விளக்குகளும் குறைந்திருக்கின்றன.

ரோப் காருக்குக் கீழே நகர்கிற காட்டுக்கும் ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ராணுவம் இந்த மலையைக் கோட்டையாக்கியது. பொதுமக்கள் கால் வைக்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. 1946 வரை இந்தத் தடை நீடித்தது. மரம் வெட்டுவார் இல்லாமல் காடு பிழைத்தது; சுமார் 600 வகைச் செடிகொடிகள் அங்கே இருக்கின்றன. மறுநாள் பகலில் நடந்தே ஏறினால், பீரங்கி மேடைகளின் சுவர்களைப் புதர்களுக்கு நடுவே பார்க்கலாம். குளிர்காலத்தில் வண்டிகள் போகும் மலைச்சாலையை மூடிவிடுவார்கள். பலத்த காற்று வீசினால் ரோப் காரும் நின்றுவிடும். ஒரு நாள் கூடுதலாகத் தங்கும்படி திட்டமிடுவது நல்லது.