கப்பல்களின் தாய்வீடு திருகோணமலை!

போர்க்கப்பல் என்றதும் பீரங்கிதான் நினைவுக்கு வரும். ஆனால், கப்பலுக்கு வயிறும் உண்டு!

அதில் இருக்கும் நூற்றுக்கணக்கான மாலுமிகளுக்குச் சோறு வேண்டும். குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும். இயந்திரத்துக்கு எண்ணெய் வேண்டும். கப்பலின் அடியில் ஒட்டிக்கொள்ளும் பாசியையும் சிப்பியையும் அவ்வப்போது சுரண்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கப்பலின் வேகம் குறைந்துவிடும்.

இத்தனையும் கிடைக்கும் இடம்தான் கடற்படைத் தளம். அது இல்லாத கப்பல், வீடு இல்லாத மனிதனைப் போன்றது.

இலங்கைத் தீவின் கிழக்குக் கரையில் உள்ள திருகோணமலை அப்படிப்பட்ட ஒரு தாய்வீடு. அதற்காக நான்கு வல்லரசுகள் அடித்துக்கொண்டன.

புயலுக்குப் பயந்த கப்பல்கள்

காரணம் என்ன?

பழைய காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரம் போட்டு நிற்கும். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிடும். அப்புறம் அங்கே நிற்க முடியாது.

1746-ம் ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். வெற்றிக் களிப்பு அடங்கவில்லை. அக்டோபர் மாதத்தில் ஒரு புயல் வந்தது. அவர்களுடைய கப்பல்கள் பல நாசமாயின. எதிரியால் செய்ய முடியாததைக் காற்று செய்தது!

திருகோணமலையில் அந்தப் பயம் இல்லை. கடல் நிலத்துக்குள் புகுந்து, குன்றுகளுக்கு நடுவே அமைதியாகக் கிடக்கிறது. ஆழமும் அதிகம். வெளியே புயல் அடித்தாலும் உள்ளே நிற்கும் கப்பலுக்குக் கவலை இல்லை. மனிதன் கட்டாத துறைமுகம் அது.

1782-ம் ஆண்டு இதே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் மோதிக்கொண்டார்கள். சுஃப்ரேன் முந்திக்கொண்டு திருகோணமலையைப் பிடித்துவிட்டார். சில நாட்களில் ஹியூஸ் வந்து சேர்ந்தார். செப்டம்பர் 3-ந் தேதி கடற்போர் நடந்தது. இருவர் கப்பல்களும் சேதமடைந்தன.

சுஃப்ரேன் பக்கத்திலேயே இருந்த துறைமுகத்தில் கப்பல்களைப் பழுது பார்த்தார். ஹியூசோ பழுது பார்க்க பம்பாய்க்குப் போக வேண்டியதாயிற்று! ஒரு தளத்தின் மதிப்பை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆங்கிலேயர் அதை மறக்கவில்லை. 1795-ம் ஆண்டு டச்சுக்காரரிடமிருந்து திருகோணமலையைப் பறித்துக்கொண்டார்கள்.

கோயில் கல்லில் கோட்டை

இதற்கெல்லாம் முன்பே ஊர் மக்கள் ஒரு பெரிய விலை கொடுத்துவிட்டார்கள்.

திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் கடலோரப் பாறையின் மேல் இருந்தது. 17-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதை இடித்தார்கள். அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள்! பிற்காலத்தில் அதற்குப் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வந்தது.

கோயில் மீண்டும் எழும்பி, 1963-ம் ஆண்டு கும்பாபிஷேகம் நடந்தது. இன்றும் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தக் கோட்டை வாசல் வழியாகத்தான் போகிறார்கள். உள்ளே படைவீரர்களின் முகாம் இருக்கிறது. புள்ளிமான்கள் பயம் இல்லாமல் திரிகின்றன.

காட்டுக்குள் எண்ணெய்

நிலக்கரிக் கப்பல்கள் போய் எண்ணெய்க் கப்பல்கள் வந்தன. எண்ணெயை எங்கே சேமிப்பது? துறைமுகத்தை ஒட்டிய சீனன்குடாக் காட்டுக்குள் நூறு இரும்புத் தொட்டிகள் வரை கட்டினார்கள். ஒவ்வொன்றும் சுமார் 12 ஆயிரம் டன் எண்ணெய் கொள்ளும்.

1927-ம் ஆண்டு ரயில் வந்தது. விமான தளம் வந்தது. காய்கறி விற்பவர், படகோட்டி, கொல்லர், தச்சர், சலவைத் தொழிலாளி என்று பலருக்கும் பிழைப்பு வந்தது.

ஆபத்தும் கூடவே வந்தது!

1942-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி காலை, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலை மீது குண்டு மாரி பொழிந்தன. எண்ணெய்த் தொட்டி ஒன்று தீப்பற்றி எரிந்தது.

தாக்குதல் வரப்போகிறது என்று அறிந்து, முதல் நாள் இரவே கப்பல்களைத் துறைமுகத்திலிருந்து வெளியே அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்று 'ஹெர்மிஸ்' என்ற விமானம் தாங்கிக் கப்பல். பாவம், அன்று அதில் விமானம் ஒன்றுகூட இல்லை! மட்டக்களப்புக்கு அருகே அது மூழ்கடிக்கப்பட்டது. 307 பேர் இறந்தார்கள். 'வீட்டா' என்ற மருத்துவமனைக் கப்பல் சுமார் 600 பேரைக் கடலிலிருந்து மீட்டது.

அதன் பிறகு ஆங்கிலக் கடற்படையின் பெரிய கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரைக்குப் போய்விட்டன. 1944-ம் ஆண்டு தொடக்கத்தில்தான் திருகோணமலைக்குத் திரும்பி வந்தன.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு வேடிக்கையான விபத்து நடந்தது. துறைமுகத்தில் மிதக்கும் பழுதுபார்க்கும் தொட்டி ஒன்று இருந்தது. அதில் நீரை நிரப்பினால் தாழும். கப்பல் உள்ளே நுழையும். நீரை இறைத்தால் கப்பலோடு மேலே எழும்பும். 'வேலியன்ட்' என்ற பெரிய போர்க்கப்பலை அப்படித் தூக்கியபோது, பாரம் சமமாக இல்லாமல் தொட்டியே உடைந்து மூழ்கிவிட்டது! குணப்படுத்த வந்த கப்பல் மேலும் காயப்பட்டுக் கிளம்பியது.

வெள்ளைக்காரர் போன பிறகு

இலங்கை 1948-ல் விடுதலை பெற்றது. ஆனால் தளம் மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. பிரதமர் பண்டாரநாயக்கா அதைத் திருப்பிக் கேட்டார். 1957-ம் ஆண்டு அக்டோபரில் திருகோணமலைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது.

நாட்டுக்கு அது மானம் காத்த நாள். ஆனால் தளத்தை நம்பி அடுப்பு எரிந்த வீடுகள்? அவர்கள் கவலை வேறு. கப்பல் வந்தால்தானே சலவைக்குத் துணி வரும்!

பின்னாளில் மாவு ஆலையும் சிமெண்ட் ஆலையும் துறைமுகக் கரையில் எழுந்தன. அதற்குள் உள்நாட்டுப் போர் வந்துவிட்டது. போர்க்காலத்தில் கடற்படைக்குக் கிழக்கில் திருகோணமலைதான் முக்கிய தளம். கடலுக்குப் போக மீனவர்களுக்குக் கட்டுப்பாடு மேல் கட்டுப்பாடு. கண் எதிரே கடல். வலை மட்டும் கரையில்! 2009-ல் போர் முடிந்த பிறகே அந்த நிலை மாறத் தொடங்கியது.

இந்தியாவுக்கும் இந்தத் துறைமுகத்தின் மேல் எப்போதும் ஒரு கண் உண்டு. 1987-ம் ஆண்டு ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேயும் ஒப்பந்தம் செய்தபோது, இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டுக்கும் இதை ராணுவத் தேவைக்குக் கொடுப்பதில்லை என்று கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

காட்டுக்குள் இருந்த எண்ணெய்த் தொட்டிகளில் பெரும்பகுதி பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. கொடிகள் படர்ந்தன. 2022-ம் ஆண்டு ஜனவரியில் 99 தொட்டிகளையும் பங்கு பிரித்தார்கள். 14 தொட்டிகள் இந்திய எண்ணெய்க் கழகத்தின் இலங்கை நிறுவனத்துக்கு. 24 இலங்கை அரசின் எண்ணெய்க் கூட்டுத்தாபனத்துக்கு. மீதி 61 இருவரும் சேர்ந்து நடத்தும் புதிய நிறுவனத்துக்கு என்று முடிவாயிற்று.