ஈயக்குட்டையும் நம் பிள்ளைகளும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டத்துப் பிள்ளைகளின் கால்கள் தண்ணீரைத் தேடிப் போகும். பெற்றோர் வேலைக்காட்டில் இருப்பார்கள். பிள்ளைகளோ ஈயக்குட்டை ஓரத்தில் இருப்பார்கள். குளித்து விளையாடுவது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. எந்தத் தண்ணீர் என்று அறிந்து இறங்க வேண்டும் என்றே சொல்கிறோம்.

பேராவின் கிந்தா பள்ளத்தாக்கிலும் சிலாங்கூரிலும் நாம் காணும் குட்டைகளில் பல, ஈயத்திற்காக மனிதன் தோண்டிய குழிகளே. 1985ஆம் ஆண்டில் ஈய விலை சரிந்தபின் பல ஈயச் சுரங்கங்கள் மூடப்பட்டன. குழிகளில் நீர் நிறைந்தது. இயற்கையான குளத்தில் ஆழம் மெல்ல மெல்லக் கூடும். ஈயக்குட்டையிலோ கரை பல இடங்களில் வெட்டிய சுவர்போல் இறங்கும். முழங்கால் நீரில் நிற்கும் பிள்ளை, அடுத்த அடியிலேயே மூழ்கிவிடலாம். ஏறுவதற்குக் கரையைப் பிடித்தால், மணல் சரிந்து கையோடு வரும். அடிச்சேறு காலை விடாது.

நீச்சல் தெரிந்தவனுக்கு என்ன பயம் என்று கேட்கலாம். 2018ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் இரவு, சிலாங்கூர் தாமான் புத்ரா பெர்டானா அருகில் ஒரு பழைய ஈயக்குட்டையில் விழுந்த இளைஞனைத் தேடித் தீயணைப்பு மீட்புப் படையினர் இறங்கினர். பயிற்சி பெற்ற அறுவர் வலுவான நீரோட்டத்தில் சிக்கி உயிரிழந்தனர். அவர்களுக்கே அந்தக் கதி என்றால், நம் பிள்ளைகளின் நிலை என்ன?

ஆகவே, ஈயக்குட்டையில் குளிக்கவே வேண்டாம். வேறு நீர்நிலையில் பிள்ளைகள் கால் நனைத்து விளையாடினாலும், கைக்கு எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கூச்சலிடாது; வாய் நீருக்குள் போய்விடும். கண் பார்த்தால்தான் காப்பாற்றலாம்.

ஒருவர் மூழ்கினால் உடனே பாய்ந்துவிடாதீர்கள். ஒரு சாவு இரண்டாவது அப்படித்தான். கரையிலிருந்து தள்ளிப் படுத்துக்கொண்டு, அரிவாள் கழற்றிய செம்பனைக் கம்பை நீட்டுங்கள். கயிறு அல்லது மூடியை இறுக்கிய காலி பிளாஸ்டிக் டின்னை வீசுங்கள். 999க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

கரையேற்றிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சில்லை என்றால் மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றே பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். பிறகு மார்பின் நடுவில் 30 முறை அழுத்தி 2 முறை ஊதுங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

இன்று மாலை ஒரு காரியம் செய்யுங்கள். பிள்ளைகளைக் குட்டைப் பக்கம் அழைத்துச் சென்று, கரையிலிருந்து தள்ளி நின்று, கயிற்றில் கல்லைக் கட்டி எறிந்து காட்டுங்கள். கயிறு எவ்வளவு உள்ளே போகிறது என்பதை அவர்களே பார்க்கட்டும். நூறு முறை திட்டுவதைவிட அந்த ஒரு கயிறு நன்றாகப் புரியவைக்கும்.