கொண்டைக்குருவிக்கு என்ன விருந்து?

கோவையிலிருந்து காரமடை, முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூருக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? மொத்தம் 43 கொண்டை ஊசி வளைவுகள்! ஜன்னல் சீட் கிடைத்தவர்கள் செல்போனும் கையுமாகக் குதூகலிக்க, கிடைக்காதவர்கள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். மேலே ஏற ஏற குளிர் காற்று, தேயிலைத் தோட்டம், நடுநடுவே சோலைக்காடு. ரோட்டோரத்தில் ஆரஞ்சு கலரில் கொத்துக் கொத்தாகப் பூத்த ஒரு செடி. 'ஆஹா... ஒரு குச்சி ஒடிச்சிட்டுப் போய் வீட்டு வாசல்ல நட்டா எப்படி இருக்கும்!' என்று கை பரபரக்கும்.

கொஞ்சம் பொறுங்க பாஸ்! அந்தச் செடியின் பெயர் செஸ்ட்ரம். சொந்த ஊர் மத்திய அமெரிக்கா. அழகுக்காகக் கொண்டுவந்த செடி, இன்று நீலகிரியின் சோலை ஓரங்களில் புதராக மண்டிக் கிடக்கிறது. தோட்டத்தில் இருந்ததைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டது யார் தெரியுமா? நாம் ஆசை ஆசையாக 'வா... வா' என்று கூப்பிடுகிற அதே குருவிகள்தான்!

டெலிவரி பார்ட்னர்!

கொண்டைக்குருவியை எல்லோருக்கும் தெரியும். தலையில் ஸ்டைலாக ஒரு கொண்டை, கன்னத்தில் சிவப்புப் பொட்டு. செம்மீசைச் சின்னான் என்று இன்னொரு பெயரும் உண்டு. இவர் ஒரு பழத்தை விழுங்குவார். கொஞ்ச நேரம் கழித்து நூறு அடி தள்ளி ஒரு கம்பியிலோ கிளையிலோ உட்கார்ந்து எச்சம் போடுவார். அதில் விதை இருக்கும். கூடவே எருவும் ரெடி! வேலி ஓரத்திலும் மரத்தடியிலும் நாம் நடாத செடிகள் வரிசையாக முளைக்கிற ரகசியம் இதுதான்.

ஆக, தோட்டத்தில் பழச்செடி வைப்பது வெறும் அலங்காரம் இல்லை. நாம் வீட்டில் நடுவதை, குருவி காட்டில் நடுகிறது! மஞ்சூர் மாதிரி சோலைக்காட்டை ஒட்டிய ஊரில் இது ரொம்பவே சீரியஸான விஷயம். குந்தா மலைகளில், அப்பர் பவானி, அவலாஞ்சி பக்கம் பள்ளத்தாக்குகளில் ஒட்டிக்கொண்டிருக்கிற சோலைகளுக்கு அடுத்த விதை எங்கிருந்து போகும் என்பது, பக்கத்து வீட்டு வேலியில் என்ன நிற்கிறது என்பதையும் பொறுத்தது.

'குருவி நிறைய வருதே... அப்ப நல்ல செடிதானே?' என்று கேட்டால், அங்கேதான் தப்புக்கணக்கு. உண்ணிச்செடியின் கறுப்புப் பழத்தையும் குருவிகள் ஆசையாகத்தான் தின்னும். தென் அமெரிக்காக்காரரான உண்ணிச்செடி, 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. இன்று இந்தியக் காடுகளில் பெரிய தலைவலி. கூடலூர் பக்கம் பழங்குடி கைவினைஞர்கள் இதன் தண்டை வளைத்து ஆளுயரத்தைத் தாண்டிய யானைச் சிற்பங்கள் செய்ய, 2021-ல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் 'வாக்கிங்' போயின. ஆனாலும், காட்டில் செடி குறைந்தபாடில்லை!

'குருவிக்குப் பிடிக்குமா?' என்பது முதல் கேள்வி. 'இதன் விதை பக்கத்துக் காட்டில் விழுந்தால் பரவாயில்லையா?' என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் 'ஆமாம்' என்று பதில் வந்தால் மட்டும் கடப்பாரையை எடுங்கள்!

மலையின் சொந்தக்காரர்கள்

சரி, இரண்டு டெஸ்ட்டிலும் பாஸ் ஆகிற செடிகள் எவை? மஞ்சூர்வாசிகள் சின்ன வயசில் பறித்துத் தின்ற பழங்கள்தான் பாதி லிஸ்ட்!

தவிட்டுப் பழம்: ஆள் உயரப் புதர். ரோஜா நிறத்தில் பூ, பிறகு கரு ஊதா நிறத்தில் இனிப்பான பழம். தின்றவர் நாக்கே காட்டிக்கொடுத்துவிடும். நீலகிரி சிரிப்பான் என்கிற பறவைக்கு இது ஸ்பெஷல் மெனு. நீலகிரியையும் அதை ஒட்டிய மலைகளையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது இந்தச் சிரிப்பான். கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், செம்பழுப்பு நெஞ்சு. குரலைக் கேட்டால் கடைசி பெஞ்ச் கும்பல் ஜோக் அடித்துச் சிரிப்பது போலவே இருக்கும். 1839-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த டாக்டர் ஜெர்டனும், 'உரக்கச் சிரிப்பது' என்ற அர்த்தத்தில்தான் வைத்தார்.

ஊசிக்களா: படகர் வீடுகளில் ஜக்கலப் பழம் என்பார்கள். கிளையெல்லாம் முள், மஞ்சள் பூ, கருநீலப் பழம். பட்டையைக் கீறினால் உள்ளே மஞ்சள் சாயம்! வேலியாக வைத்தால் ஆடு மாடு வராது. முள்ளுக்குள் கூடு கட்டினால் பூனையும் கிட்டே வராது. ஒரே செடியில் சாப்பாடு, பாதுகாப்பு, குடியிருப்பு.

மஞ்சள் முள்ளிப்பழம்: ராஸ்ப்பெரியின் உறவுக்காரர். வேகமாகப் படரும். தோட்டத்தின் ஒரு மூலையை மட்டும் இதற்குக் கொடுத்து, வருஷா வருஷம் வெட்டி அடக்கி வையுங்கள்.

தும்பை: இதைப் போய் யாராவது நடுவார்களா என்று கேட்காதீர்கள். அந்தச் சின்ன வெள்ளைப் பூவில் தேன் உண்டு. தேன்சிட்டும் வரும், பட்டாம்பூச்சியும் வரும். களை என்று பிடுங்காமல் விட்டாலே போதும். செலவு பூஜ்யம்!

காட்டுப் பூவரசு: ரோடோடென்ட்ரான். ரத்தச் சிவப்பில் கொத்துப் பூ. இமயமலையில் இருக்கிற மரத்தின் தெற்கத்திச் சொந்தம். நேபாளத்தின் தேசிய மலரும் இந்த ரோடோடென்ட்ரான்தான். தேன் குடிக்கிற பறவைகளுக்குத் திருவிழா. ஆனால், ரொம்ப நிதானமாக வளரும். இன்றைக்கு நீங்கள் நட்டால், உங்கள் தம்பி, தங்கையின் கல்யாணத்தின்போது பூக்கலாம். பொறுமைசாலிகளுக்கு மட்டும்!

'குறிஞ்சி வைக்கலாமா?' என்றால், 12 வருஷத்துக்கு ஒரு தரம் பூக்கும் அந்த நீலக்குறிஞ்சி 2006-க்குப் பிறகு 2018-ல் பூத்தது. அதன் வீடு திறந்த புல்வெளிச் சரிவு. அதை அங்கேயே விட்டுவைப்பதுதான் மரியாதை.

ஹீரோ இங்கே, வில்லன் அங்கே!

ஒரு ட்விஸ்ட் சொல்லட்டுமா? மஞ்சூரில் ஹீரோவான தவிட்டுப் பழம், அமெரிக்காவின் புளோரிடாவில் ஒழிக்கப் பாடுபடும் களை. நம் மஞ்சள் முள்ளிப்பழம், உலகின் 100 மோசமான அந்நிய ஊடுருவிகள் பட்டியலில் உண்ணிச்செடியோடு சேர்ந்து இடம்பிடித்திருக்கிறது. ஹவாய் தீவுகளில் அது செய்கிற அட்டகாசம் தனிக்கதை.

எந்தச் செடியும் பிறவி வில்லன் இல்லை. பிறந்த ஊரில் அதைத் தின்ன புழு இருக்கும், அடக்க நோய் இருக்கும், போட்டிக்கு அக்கம்பக்கத்துச் செடிகள் இருக்கும். ஊர் மாறினால் கேட்க ஆளில்லாமல் ஆட்டம் போடும். அதனால், தவிட்டுப் பழத்தை மதுரைக்கோ கோவைக்கோ கடத்தாதீர்கள். சமவெளி காலேஜ்களுக்கு இருக்கவே இருக்கிறது களாக்காய், இலந்தை, ஆடாதோடை, வெட்சி. ஆடாதோடை பூத்தால் தேன்சிட்டு தானாக ஆஜர்!

புழு இருக்கா? பொன்னா நினைங்க!

பழம் தின்கிற குருவியும் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சிதான். டெலாவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக் டல்லமி ஒரு கணக்கு சொல்கிறார். அங்கிருக்கிற சிக்கடி என்கிற குட்டிக் குருவி, ஒரு ஈட்டுக் குஞ்சுகளைப் பறக்க வைக்க 6,000 முதல் 9,000 புழுக்கள் பிடிக்க வேண்டும்! அந்தப் புழுக்களில் பல, பழகிய சொந்த ஊர்ச் செடியில்தான் வளரும். ஆக, இலையில் ஓட்டை விழுந்தால் மருந்து அடிக்க ஓடாதீர்கள். உங்கள் ஹோட்டலில் கிச்சன் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

களத்தில் இறங்கலாமா?

நாற்றுக்காகக் காப்புக்காட்டுக்குள் போய் பிடுங்காதீர்கள். அது குற்றம். உள்ளூர்ச் செடி வளர்க்கிற நாற்றங்கால்களில் கேளுங்கள். அல்லது சொந்தத் தோட்டத்து ஓரப் பழங்களைச் சேகரித்து, சதையைக் கழுவி விதையைப் பையில் போட்டு முளைக்க வையுங்கள்.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் நடுங்கள். ஒன்று ஒன்றாக அல்ல, மூன்று நான்காகச் சேர்த்து நட்டால்தான் புதர் ஆகும், குருவி ஒளியும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி கருக்கிவிடும். சின்னச் செடிகளுக்கு ராத்திரியில் சாக்கு மூடுங்கள். ஆழமில்லாத மண் தட்டில் தண்ணீர் வைத்து, தினமும் மாற்றுங்கள்.

முக்கியமான விஷயம், வேலியில் ஏற்கெனவே செஸ்ட்ரமும் உண்ணியும் இருந்தால் ஆவேசப்பட்டு ஒரே நாளில் மொட்டை அடிக்காதீர்கள். குருவிகள் இப்போது அதில்தான் ஒதுங்குகின்றன, கூடும் கட்டுகின்றன. முதலில் புதுச்செடி, அது தழைத்ததும் பழசில் கொஞ்சம், அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழம் பழுப்பதற்கு முன்பு வெட்டுங்கள்.

பலன் கிடைத்ததா என்று கண்டுபிடிக்க ஒரு நோட்டு போதும். வாரம் ஒரு நாள், 15 நிமிஷம், என்ன குருவி எந்தச் செடியில் என்ன தின்றது என்று எழுதுங்கள். 2015-லிருந்து தமிழகத்தில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் கல்லூரிகளுக்கென்றே கேம்பஸ் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்தால் உங்கள் காலேஜ் பெயரும் அதில் வரும்.

2017-ல் விஞ்ஞானிகள் நம் மலைகளின் ஒரு பறவைக் குடும்பத்துக்குப் புதுப் பேரினம் உருவாக்கி, 'ஷோலிகோலா' என்று பெயர் வைத்தார்கள். 'சோலையில் வசிப்பது' என்று அர்த்தம். நம்ம 'சோலை' உலக அறிவியல் புத்தகத்தில் ஏறிவிட்டது. அந்தச் சோலையில் நாளைக்கு முளைக்கப்போவது செஸ்ட்ரமா, தவிட்டுப் பழமா?

அது இந்த ஜூனில் உங்கள் வீட்டு வேலியில் நீங்கள் நடப்போகிற செடியில் இருக்கிறது. டெலிவரிக்குக் கொண்டைக்குருவி ரெடி!