30 வீதம் என்றால் மிச்சம் 70 எங்கே?

எக்கோத் துண்டில் ஓர் எண்

அட்டாக் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்புகிறவரின் கையில் ஒரு மருந்துப் பையும், கிளினிக் கொப்பியும், எக்கோ எடுத்த துண்டும் இருக்கும். துண்டில் ஆங்கிலத்தில் எழுதியதெல்லாம் வீட்டாருக்கு விளங்காது. ஒரு எண் மட்டும் விளங்கும். "வாப்பாட ஹார்ட் முப்பது வீதந்தானாம் வேலை செய்யுது." மஃரிபுக்கு முன்னே அது நம் சவளக்கடையின் பாதி வீடுகளுக்குப் போய்விடும். பார்க்க வருகிறவர்கள் வாசலிலேயே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மிச்சம் 70 வீதமும் செத்துப்போய்விட்டது என்பதுதான் எல்லாருடைய கணக்கும்.

கணக்குப் பிழை. இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் முன் இரத்தத்தால் நிரம்புகிறது. சுருங்கும்போது நிரம்பியதில் ஒரு பங்கை வெளியே தள்ளுகிறது. அந்தப் பங்கைத்தான் துண்டில் எழுதுகிறார்கள். நல்ல சுகதேகியின் இதயமும் முழுவதையும் தள்ளுவதில்லை. 120 மில்லிலீற்றர் நிரம்பினால் 70 அளவில் போகும், மிச்சம் உள்ளேயே நிற்கும். சாதாரண அளவே ஏறத்தாழ 55 முதல் 70 வீதம் வரைதான். ஆகவே 30 என்றால் வழமையில் பாதி. பாரதூரமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் நூற்றில் எழுபது போய்விட்டது என்று அர்த்தமே இல்லை. இந்த ஒரு விளக்கத்தை ஆஸ்பத்திரியில் யாராவது இரண்டு நிமிடம் ஒதுக்கிச் சொல்லியிருந்தால் எத்தனையோ வீடுகளில் அன்றிரவு சோறு இறங்கியிருக்கும்.

சரி, அந்தப் பாதி ஏன் குறைந்தது? இதயத் தசை ஏன் முன்போல் இறுக மறுக்கிறது?

பத்து செக்கனுக்குள் நடப்பது

1935ஆம் ஆண்டு அமெரிக்காவில் டெனன்ட், விக்கர்ஸ் என்ற இருவர் நாயின் இதயக் குழாய் ஒன்றை இறுக்கி அடைத்துப் பார்த்தார்கள். ஒரு நிமிடத்துக்குள்ளேயே அந்தக் குழாய் ஊட்டிய பகுதி சுருங்குவதை நிறுத்தியது. சுற்றியுள்ள தசை இறுகும் நேரத்தில் அந்த இடம் வெளியே புடைத்தது.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த நேரத்தில் அங்கே ஒரு கலமும் சாகவில்லை. இதயத் தசை சேமிப்பு வைத்துக்கொண்டு வாழ்கிற ஆள் அல்ல, அன்றன்று உழைத்து அன்றன்று சாப்பிடுகிற கூலிக்காரன். ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை துடிக்க வேண்டும், கையிருப்போ சில துடிப்புகளுக்குத்தான் காணும். ஒட்சிசன் நின்றதும் கலத்துக்குள் அமிலமும் பொசுபேற்றும் தேங்குகின்றன. தசையிழைகளை இழுக்கச் சொல்லிக் கட்டளை கொடுப்பது கல்சியம். அமிலமும் பொசுபேற்றும் கூடியதும் இழைகளுக்கு அந்தக் கட்டளை சரியாகக் கேட்பதில்லை. பத்துச் செக்கன் அளவிலேயே இது தொடங்கிவிடுகிறது. ஒரு வகையில் இது தற்காப்பு: வருமானம் நின்றதும் செலவையும் நிறுத்துகிறது.

அந்த நிலையில் குழாய் உடனே திறந்தால் தசை பிழைத்துக்கொள்ளும். இருபது நிமிடமளவு தாண்டினால்தான் சாவு தொடங்குகிறது.

கடைசிக் காணிதான் முதலில் காயும்

நம் பகுதி விவசாயிக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இங்கினியாகலையிலிருந்து திறந்துவிடும் கல்லோயாத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி வருகிறது. மேலே மறித்தால் முதலில் வெடிப்பது வாய்க்காலின் கடைசிக் காணிதான். இதயத்திலும் குழாய்கள் வெளிப்பக்கத்தில் ஓடி, அங்கிருந்து உள்நோக்கி இறங்குகின்றன. உட்சுவரை ஒட்டிய தசைதான் கடைசிக் காணி. அட்டாக்கில் சாவு அங்கேதான் தொடங்கி, மணித்தியாலங்கள் போகப் போக வெளிப்பக்கம் நோக்கிப் பரவுகிறது. இந்தப் பரவலை 1970களில் ரைமர், ஜெனிங்ஸ் ஆகியோர் நாய்களில் அளந்து காட்டினார்கள். ஆறு மணித்தியாலமளவில் அநேகமாக எல்லாம் முடிந்துவிடுகிறது.

அதனால்தான் நேரம் முக்கியம். 1986இல் இத்தாலியில் 11,000க்கு மேற்பட்ட நோயாளிகளில் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தைச் சோதித்தார்கள். வலி தொடங்கி முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து ஏறியவர்களில் மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தாமதிக்கத் தாமதிக்க அந்த நன்மை கரைந்துகொண்டே போனது.

நம் பக்கத்தில் அந்த மணித்தியாலம் எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். "வாய்வு" என்று இஞ்சித் தேத்தண்ணி குடிப்பதில் கொஞ்சம். நெஞ்சில் எண்ணெய் தேய்ப்பதில் கொஞ்சம். மகன் வட்டையிலிருந்து வரட்டும் என்று காத்திருப்பதில் கொஞ்சம். மாரி காலமானால் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாயும். கல்முனைக்குப் போகச் சில கிலோமீற்றர்தான், ஆனால் அந்த மாதங்களில் பாதையே இல்லாத நாட்களும் உண்டு. வீட்டில் இதய வருத்தக்காரர் இருந்தால், தாம்போதி மூழ்கும் நாளில் எந்தப் பக்கத்தால் சுற்றிப் போவது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். வாடகை ஓட்டோ தேடி ஓடுவதற்கு முன் அதை அழுத்துங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு நெஞ்சு நோவே வராமலும் அட்டாக் வரலாம். திடீர் வியர்வை, மூச்சு முட்டல், காரணமில்லாத களைப்பு, வயிற்றுப் பிரட்டல், இவ்வளவுதான் தெரியும்.

கருகியது, வாடியது, குட்டையாய் நின்றது

இனி எக்கோவில் "அசையவில்லை" என்று எழுதப்படும் தசைக்கு வருவோம். அது மூன்று விதமாக இருக்கலாம். எக்கோத் துண்டில் மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

ஒன்று, கருகிய பயிர். செத்த தசை. இடது கீழறையில் 200 முதல் 400 கோடி வரை தசைக்கலங்கள் இருக்கின்றன. பெரிய அட்டாக் ஒன்று சில மணித்தியாலங்களுக்குள் 100 கோடியைக் கூடக் கொன்றுவிடும். அவை திரும்ப முளைப்பதில்லை. சரியாகச் சொன்னால் முளைக்கின்றன, ஆனால் ஒன்றுக்கும் உதவாத வேகத்தில். இதைக் கண்டுபிடித்த விதம் விசித்திரமானது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் காபன் மனித உடலுக்குள்ளும் போயிருக்கிறது. அதை வைத்து 2009இல் சுவீடன் ஆய்வாளர்கள் இதயக் கலங்களின் வயதைக் கணித்தார்கள். 25 வயதில் ஆண்டுக்கு ஒரு வீதம் புதிதாகிறது, 75 வயதில் அரை வீதம் கூட இல்லை.

இரண்டாவது, வாடிய பயிர். தண்ணீர் திரும்ப வந்துவிட்டது, ஆனால் பயிர் உடனே நிமிரவில்லை. குழாய் திறந்து இரத்தம் பாய்ந்த பிறகும் தசை நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் திகைத்து நிற்கும். திடீரென்று பாய்ந்த ஒட்சிசனோடு தீங்கான மூலக்கூறுகளும், அளவு மீறிய கல்சியமும் கலத்துக்குள் புகுந்து சுருங்கும் இழைகளைக் கெடுத்துவிடுகின்றன. கலம் அவற்றைச் செப்பனிட்டு முடிக்கும் வரை வேலை நடக்காது. 1982இல் பிரோன்வால்ட், குளோனர் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் இந்தத் திகைப்பைப் பெயரிட்டு விளக்கினார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. குழாய் முழுதாக அடைபடாமல் மாதக்கணக்காக ஒடுங்கியே கிடந்தால், அந்தப் பகுதித் தசை சாகாமல், வேலையைக் குறைத்துக்கொண்டு, வருகிற கொஞ்ச இரத்தத்தில் உயிர் பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் காணாத வயலில் பயிர் குட்டையாய் நிற்பதைப் போல. 1980களில் இதை விளக்கியவர் தெற்காசியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஷாபுதீன் ரஹிம்தூலா. பனிக்காலத்தில் சில மிருகங்கள் தூங்குமே, அந்தத் தூக்கத்தின் பெயரை ஆங்கிலத்தில் இதற்கு வைத்தார்கள். பனி காணாத நமக்கு வயல் உதாரணமே போதும். பைபாஸ் அல்லது ஸ்டென்ட் மூலம் இரத்தம் திரும்பினால் இப்படிப்பட்ட தசை பல நோயாளிகளில் மீண்டும் சுருங்கத் தொடங்குகிறது.

தழும்பும் மிச்சத் தசையும்

செத்த இடத்தை உடல் சும்மா விடுவதில்லை. வெள்ளைக் கலங்கள் வந்து குப்பையை அள்ளுகின்றன. முதல் வாரத்தில் அந்தச் சுவர் மிகவும் மெதுமையாக இருக்கும், அபூர்வமாக வெடித்தும் விடும். "நான் நல்லா இருக்கன்" என்று எழும்பி நெல் மூடை தூக்க நினைக்கிறவரை டொக்டர் ஏசுவது இதனால்தான். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அது உறுதியான தழும்பாகிறது. தழும்பு சுருங்காது. ஆனால் சுவர் கிழியாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

உண்மையான சிக்கல் மிச்சமுள்ள நல்ல தசைக்கு. செத்த பங்கின் வேலையும் அதன் தலையில் விழுகிறது. அறை மெல்ல மெல்லப் பெருக்கிறது. பெருத்த அறை அதே அழுத்தத்தை உண்டாக்கச் சுவர் இன்னும் கூடுதலாக இழுபட வேண்டும். இழுபட இழுபட மேலும் பெருக்கிறது. இதற்கிடையில் சிறுநீரகம் ஒரு பெரிய மயக்கத்தில் விழுகிறது. இரத்தம் குறைவாக வருவதைப் பார்த்து, உடலில் எங்கோ வெட்டுப்பட்டு இரத்தம் போய்விட்டது என்று எண்ணிக்கொள்கிறது. உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கிறது, குழாய்களை இறுக்கும் ஹோர்மோன்களைக் கிளப்பிவிடுகிறது. களைத்த மாட்டுக்கு மேலும் சுமை. கால் வீங்குவதும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவதும் இப்படித்தான்.

கருவாட்டுக் கறியைப் பற்றி டொக்டர் ஏன் அவ்வளவு கடுமையாகப் பேசுகிறார் என்று இப்போது விளங்கும். சிறுநீரகம் ஏற்கெனவே உப்பைப் பதுக்கிக்கொண்டிருக்கிறது, நாம் மேலும் அள்ளிக் கொடுக்கிறோம்.

இத்தனை குளிசை எதற்கு

பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் நஞ்சை ஆராய்ந்த வழியில்தான் கப்டொப்ரில் என்ற குளிசை பிறந்தது. குளிசைக்குள் பாம்பு இல்லை, ஹலால் பற்றிக் கவலை வேண்டாம், ஆய்வுகூடத்தில் செய்தது. அது சிறுநீரகம் கிளப்பிவிடும் ஹோர்மோன் சங்கிலியை அறுக்கிறது. அட்டாக்குக்குப் பிறகு 40 வீதமோ அதற்குக் குறைவோ தள்ளும் இதயம் உள்ளவர்களுக்கு அதைக் கொடுத்த ஆய்வு 1992இல் வெளியானது. மரணம் 19 வீதத்தால் குறைந்தது, அறை பெருப்பதும் மட்டுப்பட்டது. இன்று கிளினிக்கில் கிடைக்கும் எனலப்ரில் அதே குடும்பம். சிலருக்கு வறட்டு இருமல் வரும். இருமல் வந்ததும் தாமாகவே குளிசையை நிறுத்திவிடுவதுதான் பலர் செய்கிற வேலை. டொக்டரிடம் சொன்னால் லொசார்டன் போன்ற ஒன்றுக்கு மாற்றித் தருவார்.

கார்வெடிலோல் போன்றவை அட்ரினலினின் சாட்டையடியைத் தடுக்கின்றன. ஸ்பைரோனோலக்டோன் உப்புப் பதுக்கலைத் தடுக்கிறது. சீனி வருத்தத்துக்கென்று வந்த டப்பாகிளிப்ளோசின், 2019இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு, சீனி இல்லாதவர்களின் பலவீன இதயத்துக்கும் கொடுக்கப்படுகிறது. நீர் போகிற குளிசை போடுகிறவர்கள் நோன்பு பிடிக்க விரும்பினால் ரமழானுக்கு முன்னரே டொக்டரிடம் பேசுங்கள், பிறை கண்ட பிறகு அல்ல. காலையில் நிறை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பாடு அல்ல, தண்ணீர்.

இரண்டாவது எக்கோ

இதயத்தில் அதிர்ச்சி கொடுக்கும் கருவி பொருத்துவதா என்று முடிவெடுக்க, மருத்துவர்களே அட்டாக்குக்குப் பிறகு குறைந்தது 40 நாளும், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்திருந்தால் மூன்று மாதமும் காத்திருக்கிறார்கள். முதல் வாரத்து எண்ணை அவர்கள் நம்புவதில்லை. வாடிய பயிர் எவ்வளவு, கருகியது எவ்வளவு என்று அப்போது யாருக்கும் தெரியாது. 30 என்று இருந்தது 45க்குப் போகலாம், அப்படியே நிற்கலாம், குளிசையைக் கைவிட்டவருக்கு 25க்கு இறங்கலாம்.

அந்த முதல் துண்டை மழையில் நனையாமல் ஒரு பொலித்தீன் உறையில் போட்டுக் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருங்கள். இரண்டாவது எக்கோ எடுக்கிற அன்று டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.